ரேஸ் புத்தகம், பைனாகுலர், ஒரு நோட்டு: நெல்லையிலிருந்து குதிரைப் பந்தயம் பார்த்த அனுபவம்

குதிரைப் பந்தயத்தைப் புரிந்துகொண்டு ரசிக்க இத்தனை ஆண்டுகளில் எனக்கு உண்மையாக உதவியவை ரேஸ் புத்தகம், ஒரு பைனாகுலர், ஒரு கோடு போட்ட நோட்டு ஆகிய மூன்றும்தான். டிப்ஸ் சீட்டும், மைதான வாசலில் காதோரம் சொல்லப்படும் பெயர்களும் எனக்கு எந்த நாளும் பயன்பட்டதில்லை. நான் நெல்லை டவுனில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவன். எங்கள் பக்கம் பந்தய மைதானம் கிடையாது. இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரம். அங்கே மின்சார ரயில் மாறினால் கிண்டி. 1777 முதல் குதிரைகள் ஓடிய இடம் என்று சொல்லப்படும் மைதானம் அது. கடையை விட்டுவிட்டு அடிக்கடி போக முடியாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் படித்துத் தயாராகும் பழக்கம் வந்தது. அந்தப் படிப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் ரேஸ் புத்தகம். கையடக்கமான மெல்லிய புத்தகம், பொடி எழுத்து. ஒரு குதிரைக்கு ஒதுக்கிய சில வரிகளில் அதன் வயது, நிறம், தாய் தந்தை பெயர், உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி (குதிரை மேல் ஏறி ஓட்டுபவர்), சுமக்கும் எடை, ரேட்டிங் (திறமைக்குக் கொடுக்கும் எண்), புறப்படும் கதவின் எண், கடைசி ஓட்டங்களின் முடிவு எல்லாம் அடங்கிவிடும். காலில் அடித்திருப்பது அலுமினிய லாடமா எஃகு லாடமா என்பதுகூட இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குதிரையின் பெயரையும் ஜாக்கியின் பெயரையும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நான் படிக்கும் வரிசை வேறு. பந்தயத்தின் தூரம், குதிரையின் எடை, பழைய ஓட்டங்கள், கதவு எண், அதற்குப் பிறகுதான் ஜாக்கி. பந்தயம் கட்டுவோரிடையே அதற்கு என்ன விலை, அதாவது ஜெயித்தால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது கடைசி.

எடைதான் இந்த விளையாட்டின் உயிர். ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமையான குதிரையின் முதுகில் அதிக எடையும், திறமை குறைந்த குதிரையின் முதுகில் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்று அதிகாரி கணக்குப் போடுகிறார். ஒரு குதிரை சுலபமாக ஜெயித்தால் அதன் ரேட்டிங் ஏறும், அடுத்த முறை எடையும் ஏறும். தொடர்ந்து பின்தங்கினால் இரண்டும் இறங்கும். ஆகவே ‘போன முறை ஜெயித்தது, இந்த முறையும் ஜெயிக்கும்’ என்ற பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. நான் நோட்டில் குறித்துவைப்பது வேறு மாதிரியான குதிரைகளை. 1200 மீட்டரில் அதிக எடையோடு நான்காவதாக வந்து, கடைசி 200 மீட்டரில் மற்றவை தளரும்போது இது மட்டும் நெருங்கிக்கொண்டே வந்திருந்தால், அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதே குதிரை சில வாரம் கழித்து 1400 மீட்டரில், குறைந்த எடையோடு இறங்கினால் அன்று நான் பணம் கட்டக் கவுண்டருக்குப் போவேன். நான் ஜெயித்த நல்ல டிக்கெட்டுகள் பெரும்பாலும் இந்த நட்சத்திரக் குதிரைகள் கொடுத்தவை.

காலைப் பயிற்சி நேரங்கள் நாளிதழில் வரும். 600 மீட்டரை இத்தனை வினாடியில் ஓடியது, சிரமமில்லாமல் ஓடியது என்று ஒரு வரி. வெறும் வினாடியை நான் நம்புவதில்லை. மணல் தடமா புல் தடமா, மேலே இருந்தவர் ஜாக்கியா பயிற்சி ஓட்டுநரா என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது. மழை பெய்த வாரத்தில் தரையின் இளக்கத்தைச் சொல்லும் பெனட்ரோமீட்டர் அளவைப் பார்ப்பது அதைவிடப் பயன். காய்ந்த தரையில் பறக்கும் சில குதிரைகள் ஈரத்தில் காலை ஊன்றவே தயங்கும். இதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி பேடாக். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம். பந்தய நாளில் எனக்கு மிகப் பிடித்த நேரம் இதுதான், ஓட்டத்தைவிடவும். என் கண் பழகியது கிண்டியில் இல்லை, ஒட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் அங்கே மாட்டுவண்டி எல்கைப் பந்தயம், அதாவது ஒரு எல்லை வரை ஓடித் திரும்பி வரும் போட்டி, நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விடுவார்கள்; சில ஊர்களில் குதிரை வண்டியும் ஓடும். 2014இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது அந்தச் சாலைகள் வெறிச்சோடின. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மீண்டும் ஓட்டம் தொடங்கியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பந்தய மாட்டுக்காரர்கள் பருத்திக்கொட்டைக்கும் உளுந்துக்கும் என் கடைக்கு வருகிறவர்கள். அங்கே நான் ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை, பார்ப்பதற்குத்தான் போகிறேன்.

அப்படி வந்த மூத்த சாரதி ஒருவர் சொன்னது இன்றும் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. “தம்பி, நிற்கிற மாட்டைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லாதே. நடக்கவிட்டுப் பார். பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மட்டும் பார்.” “குதிரைக்கும் அதுதானா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “நாலு கால் உள்ளதற்கெல்லாம் அதுதான்” என்றார். பேடாக்கில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நடை நீளமாக, தளர்வாக, தலை தாழ்ந்து இருக்க வேண்டும். பின்னங்கால் தடம் முன்தடத்தைத் தாண்டி விழ வேண்டும். பின்தொடையில் சதை திரண்டிருக்க வேண்டும், விலா எலும்புகள் லேசாகத் தெரிய வேண்டும். தோல் எண்ணெய் தடவியதுபோல் மின்ன வேண்டும். வயிறு தொங்கினால் உடற்பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். கழுத்திலும் பின்னங்கால்களுக்கு நடுவிலும் நுரை தள்ள வியர்த்து, பக்கவாட்டில் துள்ளிக்கொண்டு, ஆளை இழுக்கும் குதிரை ஓடும் முன்பே பாதிச் சக்தியைச் செலவழித்துவிடுகிறது. சென்னையின் வெக்கையில் எல்லாமே கொஞ்சம் வியர்க்கும். மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று தீவன வியாபாரத்தில் இருக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தீனியின் கணக்கு உடம்பில் தெரியும். குதிரை விஷயத்தில் இதை மறந்த நாடு எவ்வளவு இழந்தது என்பதற்குச் சாட்சி எங்கள் கடற்கரையிலேயே இருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் இருந்த காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், கிஷ், தோபார், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டியர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள், வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்கள் என்கிறார். பழையகாயல் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பொன் கொட்டி வாங்கிய அரபுக் குதிரைக்குச் சோறு போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் பொறுப்பதில்லை. இன்று நாம் பார்க்கும் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் ஆண்வழி டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன், பையர்லி டர்க் என்ற மூன்று கிழக்கத்திக் குதிரைகளில் போய் முடிகிறது.

பைனாகுலரைப் பற்றிச் சுருக்கமாக. முதலில் 10x50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. கண்ணாடி) வைத்திருந்தேன். பெரிதாகக் காட்டும், ஆனால் கனம். ஓடும் கூட்டத்தைத் தொடர்ந்தால் கை நடுங்கி உருவம் ஆடும். 8x42க்கு மாறிய பிறகு எதிர்ப்பக்கத் திருப்பத்தில் எந்தக் குதிரை உள்ளே அடைபட்டது, எது வெளிவட்டமாகச் சுற்றி தூரத்தை இழந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. காட்சியின் அகலம் அதிகம் என்பதே காரணம். அடைபட்டுத் தோற்ற குதிரைதான் அடுத்த முறைக்கான நட்சத்திரம். முடிவுப் பட்டியலில் அது வெறும் ‘6’ என்று நிற்கும். இந்தக் கருவிக்குச் செலவழித்த பணத்தைப் போல வேறெதுவும் எனக்குத் திரும்பத் தந்ததில்லை.

ஜாக்கியைப் பின்னுக்குத் தள்ளியதால் அவரைக் குறைத்து மதிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். மும்பையில் நடக்கும் பெரிய ஓட்டமான இந்தியன் டெர்பியை எட்டு முறை வென்ற ஜாக்கி பெசி ஷ்ராஃப் போன்றவரின் கையில் இருந்தது பொறுமை. எப்போது விடக்கூடாது என்று தெரிந்த கை அது. எல்கைப் பந்தயத்திலும் நல்ல சாரதி திரும்பும் இடம் வரை கயிற்றை இழுத்துப் பிடித்துத்தான் வருவார். ஆனால் பெரிய பெயர் உட்கார்ந்தவுடன் கூட்டம் பணத்தைக் கொட்டும், கிடைக்கும் பலன் சுருங்கிவிடும். டோட் என்பது கட்டியவர்களின் பணத்தையே ஒன்றாகச் சேர்த்து, கழிவு போக ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை. அதில் தெரியும் விலை குதிரையின் திறமையைச் சொல்வதில்லை, கூட்டத்தின் எண்ணத்தைத்தான் சொல்கிறது. கூட்டம் அதிகம் நம்பிப் பணம் கட்டும் ஃபேவரிட் குதிரைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு ஓட்டத்தில்தான் ஜெயிக்கின்றன.

பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். 100 ரூபாய்க்குக் கட்டினால் வரியோடு 140 ரூபாய் போகிறது. நான்கில் ஒரு வாய்ப்பு உள்ள குதிரை என்று நான் கணித்தால், வரி இல்லாத காலத்தில் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 40 ரூபாய் பலன் வந்தால் சமம். இன்று 56 ரூபாய் வர வேண்டும். அந்த விலை இல்லாத குதிரை எவ்வளவு அழகாக நடந்தாலும் நான் கட்டுவதில்லை. இதற்கு மேல், ஒரே டிக்கெட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். நான் கட்டுவது வின் (முதலாவதாக வரும்), பிளேஸ் (முன்னணி இடங்களில் ஒன்றில் வரும்) இரண்டும் மட்டுமே. பல குதிரைகளை ஒருசேரச் சரியாகச் சொல்ல வேண்டிய தனாலாவும் ஜாக்பாட்டும் பெரிய தொகை தரும், ஆனால் அவற்றில் நான் படித்ததைவிட நான் படிக்காதது அதிகமாகத் தீர்மானிக்கிறது. வீட்டுச் செலவுப் பணமோ கடைப் பணமோ இதற்குள் வரவே கூடாது. மைதானக் கவுண்டருக்கு வெளியே சீட்டு எழுதிக் கொடுப்பவரிடம் போவதும் கூடாது, அது சட்டவிரோதம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது. தமிழ்நாடு 1974இல் கொண்டுவந்த ஒழிப்புச் சட்டம் குறித்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. அந்தத் திறமை என்பது இப்படி உட்கார்ந்து படிப்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

நிலவரம் மாறியிருக்கிறது. 2024 ஜூனில் ஊட்டி மைதான நிலத்தை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தது, விவகாரம் நீதிமன்றம் போனது. ஊட்டியின் கோடைப் பருவம் எனக்குப் பெரிய இழப்பு. 2,200 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும் குதிரைகளையும் அந்தக் காற்றுக்குப் பழகியவற்றையும் பிரித்துப் பார்ப்பது தனிக் கலையாக இருந்தது.

அதனால் இப்போது என் கவனம் மும்பை மகாலட்சுமியின் குளிர்காலப் பருவத்தில். டிசம்பரில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான கினீஸ் ஓட்டங்கள், 1600 மீட்டர். பிப்ரவரி முதல் ஞாயிறு இந்தியன் டெர்பி, 2400 மீட்டர், 1943 முதல் நடப்பது. நடுவில் ஜனவரி 1 அன்று எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடிவிடும். 1600இல் ஜெயித்தது 2400இலும் மூச்சுப் பிடிக்குமா என்பதுதான் டெர்பியின் கேள்வி. நான் கினீஸில் முதலாவது வந்ததைவிட, கடைசி 300 மீட்டரில் வேகம் குறையாமல் மூன்றாவதோ நான்காவதோ வந்ததைத் தேடுகிறேன். பிறகு அதன் தாயும் தந்தையும் எந்தத் தூரத்தில் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறேன். மும்பைக்குப் போக முடியாத ஆண்டில் பணம் கட்டாமல், ஒளிபரப்பை மட்டும் கடையிலேயே பார்ப்பேன். அன்று மாலை பந்தய மாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்காருவார்கள். ஓட்டத்துக்கு முன்பே ஆளுக்கொரு குதிரையை நடையை மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லி, என் நோட்டில் அவர்கள் பெயரோடு எழுதிவைக்கிறேன்.