அமெரிக்க காங்கிரஸில் பங்கு வணிகம்: வெளிப்படுத்தலா, தடையா?

தாம் வாக்களிக்கவிருக்கும் மசோதாவால் விலை ஏறக்கூடிய நிறுவனத்தின் பங்குகளை அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 2012இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஸ்டாக் சட்டம் தேர்ந்துகொண்ட வழி வெளிப்படுத்தல்தான்: 1,000 டாலருக்கு மேற்பட்ட பங்குப் பரிவர்த்தனைகளை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்குள் மசோதா நிறைவேறியே முடிந்திருக்கலாம். தொகையும் துல்லியமாக அன்றி, ‘1,001 முதல் 15,000 டாலர் வரை’ என்பது போன்ற வீச்சாகவே பதிவாகிறது. தாமதத்துக்கான தொடக்க அபராதமோ 200 டாலர் மட்டுமே. பதவிவழி அறிந்த இரகசியத்தைக் கொண்டு லாபம் பார்ப்பதையும் இச்சட்டம் தடுக்கிறது என்றாலும், எந்தத் தகவலை நம்பி ஒருவர் விற்றார் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். 2020 பிப்ரவரியில், கொரோனா அச்சத்தால் சந்தை சரியத் தொடங்குவதற்குச் சற்று முன்பு, காங்கிரஸின் மேலவையான செனட்டின் உளவுக் குழுத் தலைவர் ரிச்சர்ட் பர் பெருமளவில் பங்குகளை விற்றார். பொதுவெளிச் செய்திகளையே நம்பியதாக அவர் விளக்கினார். விசாரணை குற்றச்சாட்டு ஏதுமின்றி முடிந்தது.

தடை என்னும் மாற்றுவழியில் இந்தச் சிக்கலே எழாது. உறுப்பினரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் தனி நிறுவனப் பங்குகளைத் தவிர்த்து, பல நிறுவனப் பங்குகளை ஒன்றாகக் கொண்ட பரஸ்பர நிதிகளில் முதலிடலாம். துணைவரின் உரிமை பறிபோகிறது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் சட்டமியற்றும் அதிகாரத்தின் எடைக்கு முன் அது சிறிதென்றே கருதுகிறேன். 2024 ஜூலையில் இத்தகைய மசோதாவுக்கு செனட் குழுவொன்று ஒப்புதல் அளித்தது. முழு அவையின் வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை.