சேமித்த கிளிப்போடு ஒலியும் திரும்பி வருமா? லைவ், லாஜிக், கியூபேஸ், ரீப்பர்

மிடி கோப்புக்குள் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் என்ற கட்டளைகள் மட்டுமே இருக்கும். போன பாட்டில் நன்றாக அமைந்த பேஸ் வரியை வெறும் மிடியாக எடுத்து வைத்தால், அடுத்த புராஜெக்டில் ஸ்வரங்கள் வரும். அந்தக் கனம் வராது. அதனால் பாட்டு உருவாக்கும் மென்பொருள்களை ஒப்பிடும்போது, கிளிப்போடு, அதாவது சேமித்த சிறு இசைத் துண்டோடு, வேறு என்னவெல்லாம் சேர்ந்து சேமிக்கப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தேடும் வசதியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்கில் ஏபிள்டன் லைவ் முன்னால் நிற்கிறது. ஒரு கிளிப்பை இடப்பக்க பிரவுசரின் யூசர் லைப்ரரிக்குள் இழுத்துப் போட்டால் ஏ.எல்.சி. கோப்பு உருவாகும். அதில் வார்ப் குறிகள் (ஆடியோவை டெம்போவுக்குப் பொருத்தும் புள்ளிகள்), என்வலப்புகள் (நேரத்தோடு மாறும் அளவுகளின் வளைவுகள்), அந்த டிராக்கின், அதாவது தடத்தின், மென்பொருள் கருவி, எஃபெக்ட் வரிசை எல்லாம் அடக்கம். திரும்ப எடுக்கும்போது எங்கே போடுகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். காலி இடத்தில் விட்டால் கருவியோடு புதிய டிராக் உருவாகும். ஏற்கெனவே வேறு கருவி உள்ள டிராக்கில் விட்டால் கிளிப் மட்டுமே வரும். ‘சேமித்த சத்தம் வரவில்லை’ என்பவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

எதையும் தனியாகச் சேமிக்காமல் விட்டவர்களுக்கும் லைவில் வழி உண்டு. பழைய பாட்டுகள் உள்ள ஃபோல்டரை ‘ப்ளேசஸ்’ பகுதியில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு செட்டையும் (லைவில் ஒரு பாட்டின் கோப்பு) பிரவுசரிலேயே விரித்து, வேண்டிய டிராக்கை மட்டும் நடப்புப் பாட்டுக்குள் இழுக்கலாம். பழைய செட்டைத் திறக்கவே வேண்டியதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே லைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

குறையும் உண்டு. ஆடியோ கிளிப்பின் ஏ.எல்.சி. கோப்பு ஒலியைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. சாம்பிள் (பதிவு செய்த ஒலிக் கோப்பு) இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். சாம்பிளை வேறு டிரைவுக்கு மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். அமைப்புகளில் லைப்ரரி பக்கத்துக்குப் போய் ‘கலெக்ட் ஃபைல்ஸ் ஆன் எக்ஸ்போர்ட்’ என்பதை ‘ஆல்வேஸ்’ என்று வைத்தால் சாம்பிளும் சேர்ந்தே நகலாகும்.

லாஜிக் புரோவில் ஓ விசையை அழுத்தினால் லூப்களை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டுகளை) தேடும் லூப் பிரவுசர் திறக்கும். கேட்டுப் பார்க்கும்போதே லூப் நம் புராஜெக்டின் டெம்போவுக்கும் ஸ்ருதிக்கும் மாறி ஒலிக்கும். தேடுகிற சுகத்தில் இதற்கு ஈடு குறைவு. நீல நிறம் ஆடியோ, பச்சை மிடி. பச்சை லூப்பைக் காலி இடத்தில் விட்டால் அதன் கருவியோடு வரும். ஆடியோ டிராக்கில் விட்டால் ஆடியோவாகவே மாறிவிடும், பிறகு ஸ்வரத்தைத் திருத்த முடியாது.

நம்முடைய பகுதியைச் சேர்க்க, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதற்குள் ‘ரீஜன் டு லூப் லைப்ரரி’. அங்கே ‘லூப்’ என்று கொடுத்தால் டெம்போவைப் பின்தொடரும், ‘ஒன்-ஷாட்’ பின்தொடராது. ‘லூப்’ ஆக வேண்டுமானால் சேமிக்கும் முன்பே பகுதியை முழு பீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேல் வகையில் மேஜர், மைனர், இரண்டும், இரண்டுமில்லை என்பவைதான் உண்டு. ராகம் அதற்குத் தெரியாது. சுபபந்துவராளிச் சொற்றொடரை மைனர் என்று குறித்து வைத்தால், தேடலில் அது தவறான கூட்டத்தோடு வந்து நிற்கும். ‘இரண்டுமில்லை’ என்று குறித்து, ராகத்தின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே எழுதுவது மேல்.

கியூபேஸில் எஃப்5 அழுத்தினால் மீடியாபே என்ற தேடல் சாளரம் திறக்கும். மிடி லூப்பாக ஏற்றுமதி செய்தால் கருவியும் எஃபெக்ட் அமைப்பும் கூடவே போகும். ஆனால் இன்ஸ்ட்ருமென்ட் டிராக்கில் உள்ள பகுதிக்கு மட்டுமே இது பொருந்தும்.

ரீப்பரில் ஒலியோடு கூடிய கிளிப் என்று தனி வடிவம் இல்லை. கன்ட்ரோல்+ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் வரும் மீடியா எக்ஸ்ப்ளோரர் ஆடியோ தேட அருமையான இடம். மிடியைக் கேட்கத்தான் கூடுதல் வேலை: ஒரு டிராக்கில் கருவியை ஏற்றி, முன்னோட்டத்தை அதன் வழியாக அனுப்ப வேண்டும். ஒலியோடு சேமிக்க, டிராக்கைக் கருவியோடு அப்படியே சேமிக்கும் டிராக் டெம்ப்ளேட்தான் வழி. சேமிக்கும்போது ஐட்டங்களையும் (டிராக்கில் உள்ள இசைத் துண்டுகளையும்) சேர்க்கும் கட்டத்தில் டிக் போட மறந்தால் காலி டிராக்தான் கிடைக்கும். மிடியை இறக்கும்போது டெம்போவையும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஆம் என்றால் மொத்தப் பாட்டின் டெம்போவும் மாறிவிடும்.

நம் இசை செய்பவர்களுக்கு, எந்த மென்பொருளிலும் தலைவலி தருவது பிட்ச் பெண்ட், அதாவது ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் மிடி கட்டளை. மிடியில் பதிந்த கமகம் வளைவின் அளவை மட்டும் சொல்கிறது. முழு வளைவு எத்தனை அரைச்சுரம் என்பதைப் பெரும்பாலும் கருவியின் அமைப்பே முடிவு செய்கிறது. வழக்கமான அளவு 2. அதே கிளிப்பை 12 என்று வைத்த சிந்தில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவியில்) போட்டால் ஒவ்வொரு கமகமும் ஆறு மடங்கு எகிறி, ராகமே சிதைந்துபோகும். கிளிப்பின் பெயரில் ‘பெண்ட்2’ என்று சேர்த்துவிட்டால், கருவியை மாற்றும்போது முதலில் எதைச் சரிசெய்வது என்பது தெரியும்.

கருவியோடு சேமித்தாலும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. அந்த பிளக்கின் (கருவியாக இயங்கும் துணை மென்பொருள்) கணினியில் இல்லாமல் போனால் நான்கு மென்பொருளிலும் அந்த மிடி ஊமைதான். முக்கியமான கிளிப் ஒவ்வொன்றுக்கும் 24 பிட் வேவ் நகல் ஒன்றையும் வெறும் மிடி நகல் ஒன்றையும் பக்கத்திலேயே வையுங்கள். பெயரில் டெம்போ, ஸ்ருதி, பார் எண்ணிக்கை மூன்றும் இருக்கட்டும். ரிவெர்ப் வால் (எதிரொலி மெல்ல அடங்கும் பகுதி) அறுபடாமல் இருக்க, வேவ் எடுக்கும்போது கடைசியில் ஒரு பார் கூடுதலாக விடுங்கள்.