ரஷ்ய இறையியல் ஆய்வுக்கு எங்கே போவது: பாரிஸா, ரோமா, நியூயார்க்கா?

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் இறையியலில் ஆய்வு செய்ய நினைப்பவர்களிடம் பேசினால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் வரும். நியூயார்க் பக்கம் புனித விளாடிமிர் செமினரி, அதே மாநிலத்தின் உட்பகுதியில் ஜோர்டன்வில் மடத்துச் செமினரி, பாரிஸில் புனித செர்கியுஸ் நிறுவனம், ரோமில் கீழைத் திருச்சபைகளுக்கான பாப்பிறை நிறுவனம். பட்டம் என்ன, நூலகம் எப்படி, உதவித்தொகை உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். ரஷ்ய மொழிக்கு என்ன வழி என்று கேட்டால் மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள். நான் மொழியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆய்வேடு பாதியில் படுத்துக்கொள்வது அநேகமாக அங்கேதான்.

முதலில் விளாடிமிர். 1938-இல் தொடங்கியது. ஃப்ளரோவ்ஸ்கி, ஷ்மேமன், மேயண்டோர்ஃப் என்று அதை நடத்திய பெரிய தலைகள் பாரிஸிலிருந்து வந்தவர்கள். பெயர்களைப் பார்த்தால் அங்கே காலை வணக்கம்கூட ரஷ்யனில்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் 1949-இல் தலைமைக்கு வந்த ஃப்ளரோவ்ஸ்கி, ஆங்கிலத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அமெரிக்காவில் ஒரு திருச்சபை வேர்விட வேண்டுமானால் அமெரிக்கர்கள் பேசும் மொழியில்தான் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. விளைவு, ரஷ்யர்கள் வளர்த்த இந்த செமினரியில் ரஷ்யன் தெரியாமலே நல்ல இறையியல் படித்துவிட்டு வரலாம். ஆங்கிலம் போதும் என்பவருக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ரஷ்யன் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிப் போகிறவருக்குத்தான் ஏமாற்றம்.

பாரிஸின் கதை வேறு. 1925-இல், ஒரு பழைய ஜெர்மன் லுத்தரன் ஆலயத்தை வாங்கி, புரட்சிக்குத் தப்பி வந்த ரஷ்ய அகதிகள் தொடங்கியது புனித செர்கியுஸ். அது தொடங்கிய தெருவின் பெயர் கிரிமியா தெரு, அதாவது பிரான்ஸ் ரஷ்யாவோடு மோதிய போரின் பெயர். நாடிழந்த ரஷ்யர்களுக்கு வாய்த்த முகவரி அப்படி! இறையியலாளர் செர்கி புல்காகோவ் 1944-இல் இறக்கும்வரை பாடம் நடத்தியது இங்கேதான். அன்று வகுப்பு ரஷ்யனில் நடந்தது, இன்று பிரெஞ்சில். ரோமிலும் இதே சங்கடம்தான், அங்கே வகுப்பறையில் இத்தாலிய மொழி. ஆக, இந்த இரண்டு ஊர்களிலும் ரஷ்யனுக்குப் போகும் முன் இன்னொரு மொழிக்குக் கப்பம் கட்ட வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் சொல்லிக்கொடுக்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. பிரெஞ்சுக்கு ஏறக்குறைய 30 வாரம். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

ரோமை இதை வைத்து ஒதுக்கிவிட முடியாது. 1917-இல் பதினைந்தாம் பெனடிக்ட் பாப்பரசர் நிறுவிய அந்த நிறுவனத்தின் நூலகம் கீழைத் திருச்சபைகள் பற்றிய படிப்புக்கு உலகப் பெயர் பெற்றது. பக்கத்திலேயே 1929-இல் தொடங்கிய ரஷ்யக் கல்லூரி, ருஸ்ஸிக்கும். சோவியத் நாட்டுக்குள் போய்ப் பணியாற்றக் குருக்களைத் தயார் செய்யத் தொடங்கிய இடம் அது. அங்கே பயின்ற அமெரிக்க இயேசு சபைக் குரு வால்டர் சிஸெக் 1940-இல் உள்ளே போனார், பிடிபட்டார், சிறையும் சைபீரியாவுமாகக் கழித்து 1963-இல்தான் வெளியே வந்தார். அந்தத் தலைமுறை மொழி படித்தது ஆய்வேட்டுக்காக அல்ல என்பதை நினைத்தால், ஒரு செமஸ்டர் ரஷ்யனுக்கே முனகும் நாம் கொஞ்சம் கூசத்தான் வேண்டும்.

மிச்சம் இருப்பது ஜோர்டன்வில். 1930-இல் எழுந்த மடம், 1948-இல் செமினரி. நாட்டுக்கு வெளியே இருந்த ரஷ்யத் திருச்சபையின் பிள்ளை. மடத்தின் வழிபாட்டில் சர்ச் ஸ்லாவோனிக் என்ற பழைய வழிபாட்டு மொழி, மேசையில் ரஷ்யன் என்று மொழி நிஜமாகவே காதில் விழும் இடம் நான்கில் இதுதான். பல்கலைக்கழக வாசம் குறைவு, மடத்து வாசம் அதிகம். வழிபாட்டு நூல்களை ஆராய்பவருக்கு அதுவே வரம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த ஊரில் படிக்கிறோமோ அந்த ஊரின் கண்ணாடியும் மூக்கில் ஏறிவிடும். 1935-இல் புல்காகோவின் சோபியா, அதாவது தெய்வ ஞானம், பற்றிய போதனையை மாஸ்கோத் திருச்சபையும் கண்டித்தது, ஜோர்டன்வில் சார்ந்த வெளிநாட்டுத் திருச்சபையும் கண்டித்தது. பாரிஸுக்கோ அவர் வீட்டுப் பெரியவர். அதே பாரிஸில் அவரோடு பாடம் நடத்திய ஃப்ளரோவ்ஸ்கிக்கு அந்தப் போதனை உவப்பில்லை, பிற்பாடு விளாடிமிருக்குத் தலைமை ஏற்றவரும் அவர்தான். புல்காகோவை ஆய்வுக்கு எடுப்பவர், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்தே போவது நல்லது.

சரி, எந்த ரஷ்யன் வேண்டும்? இதுதான் யாரும் கேட்காத கேள்வி. புல்காகோவின் பெரிய நூல்கள் ஆங்கிலத்தில் வந்துவிட்டன. அவற்றோடு நின்றுவிட்டால் ரஷ்யனே தேவையில்லை. ஆனால் அந்தச் சண்டையின் அறிக்கைகள், பதில்கள், பத்திரிகைக் கட்டுரைகள் எல்லாம் மூலத்தில்தான் முழுசாகப் புரியும். அவற்றில் பெரும்பாலானவை பழைய எழுத்துமுறையில் இருக்கும். 1918-இல் புதிய அரசு எழுத்தைச் சீர்திருத்தி 'யாத்' போன்ற எழுத்துகளை நீக்கியபோது, அகதிகள் "முடியாது" என்று பழையதையே அச்சடித்தார்கள்.

அது வெறும் அலங்காரப் பிரச்சினை இல்லை. 'மிர்' என்றால் ரஷ்யனில் உலகம், 'மிர்' என்றால் அமைதியும்கூட. பழைய எழுத்தில் 'இ' ஒலிக்கு இரண்டு எழுத்து இருந்ததால் கண்ணாலேயே பிரித்துவிடலாம், இப்போது இரண்டும் ஒன்று. வழிபாட்டில் "மிரம் கோஸ்பது பமோலிம்ஸ்யா" என்று வருவது, "சமாதானத்தோடு ஆண்டவரை மன்றாடுவோம்" என்பது. "ஊரெல்லாம் சேர்ந்து" என்று எடுத்துக்கொள்ளும் ரஷ்யர்களே உண்டு. 'ஜிவோத்' இன்னும் வேடிக்கை. ஸ்லாவோனிக்கில் ஜீவன், இன்றைய ரஷ்யனில் வயிறு. நித்திய ஜீவனைத் தேடி அகராதியைத் திறந்து நித்திய வயிற்றில் போய் நின்றவன் நான். 'ப்ரெலெஸ்த்' இன்றைக்கு அழகு, கவர்ச்சி. துறவியர் நூல்களிலோ ஆன்மாவைக் கெடுக்கும் மாயை. நாற்றம் என்றால் மணம் என்றிருந்த தமிழைப் படித்தவர்களுக்கு இந்த வழுக்கல் புதிதல்ல.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு சின்னச் சலுகையும் உண்டு. ஆறு வேற்றுமைகளைக் கண்டு ஆங்கிலேயர் மிரள்வார், எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நாம் மிரள வேண்டாம். வினை முடிந்ததா முடியவில்லையா என்று ரஷ்யன் கேட்கும்போது, 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்பதை நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் சிபாரிசு இது. தலைப்பு இருபதாம் நூற்றாண்டு சிந்தனையாளர் என்றால் விளாடிமிரில் இடம் பிடியுங்கள், ரஷ்யனை வெளியே வாங்குங்கள். வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரி 1945 முதல் நடத்தும் கோடை ரஷ்யப் பள்ளி அதற்குச் சரியானது. எட்டு வாரம் ரஷ்யன் தவிர வேறு மொழி பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். வழிபாடு, துறவியர் மரபு என்றால் ஜோர்டன்வில். பிரெஞ்சு ஏற்கெனவே கைவசம் இருந்தால் பாரிஸைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. ரோமை, இத்தாலிய மொழி தெரிந்த கத்தோலிக்கக் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டும் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. 1930-களில் பாரிஸில் அச்சான ஏதாவது ஒரு ரஷ்யக் கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படியுங்கள். எனக்கு முதல் தடவை அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அதில் அரை மணி நேரம் 'யாத்' எழுத்தை 'பி' என்று வாசித்துக்கொண்டிருந்ததில் போனது.