பத்திரம் டைப் பண்ற கடைக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர் சரிப்படுமா? என் அனுபவம்

எங்க டைப்பிங் கடை பாபநாசத்துல இருக்கு. திருநெல்வேலி பக்கம் அருவி இருக்குற பாபநாசம் இல்லங்க, தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவுல இருக்குற பாபநாசம். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், நானும் வேலைக்கு வர்ற ஒரு பொண்ணும், அவ்வளவுதான் கடை. கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, வாடகை ஒப்பந்தம், குத்தகை சீட்டு, அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு போற மனு, இதெல்லாம் நாள் முழுக்க டைப் அடிச்சிக்கிட்டே இருப்போம். லிப்ரே ஆபீஸ்ங்கிறது ஒரு இலவச ஆபீஸ் சாப்ட்வேர், அதுல டைப் அடிக்கிற பகுதிக்கு பேர்தான் ரைட்டர். அத பத்தி தமிழ்ல எழுதுறவங்க பெரும்பாலும் "இலவசம், நல்லாருக்கு" அப்டின்னு ரெண்டு வரில முடிச்சிடுறாங்க. அதுல டூல்பார்ங்கிற பட்டன் வரிசை, மெனு, பக்கத்துல ஒட்டி நிக்குற பேனல் இதெல்லாம் நம்ம வேலைக்கு ஏத்த மாதிரி எப்படி அடுக்கி வச்சிக்கலாம்னு யாரும் விவரமா சொல்லல, என்னை மாதிரி கடை வச்சிருக்கவங்களுக்கு அதுதான் முக்கியம், அதனால அத பத்தி மட்டும் எழுதுறேன்.

முன்னாடி காசு கட்டி வாங்குற ஒரு ஆபீஸ் சாப்ட்வேர் வச்சிருந்தேன், பேர் வேணாம். ஒரு நாள் காலைல தொறந்தா அப்டேட் ஆகி, பட்டன்லாம் இடம் மாறி உக்காந்துருக்கு. அன்னிக்கு முகூர்த்த நாள், ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் அதிகமா குடுக்குற நாள், கடை வாசல்ல ஆள் நிக்கிறாங்க, நான் பக்க அளவு மாத்துற பட்டன தேடிக்கிட்டு இருக்கேன். பத்து வருஷமா ஒரே எடத்துல இருந்த பட்டனுக்கு கை தானா போகும், கண்ணு ஸ்டாம்ப் பேப்பர் மேலயே இருக்கும். அந்த பழக்கத்த ஒரு ராத்திரில யாரோ எடுத்துட்டா வேலை பாதியா கொறைஞ்சிடும். அதுக்கப்புறம்தான் மாறணும்னு முடிவு பண்ணேன்.

ஆடி மாசம் எங்களுக்கு கடை காத்து வாங்கும், ஆடிப்பெருக்கு அன்னிக்கு மட்டும் கொஞ்சம் பத்திரம் வரும். அந்த மாசத்துலதான் ரைட்டர இன்ஸ்டால் பண்ணி ஒக்காந்து ஒவ்வொண்ணா அடுக்குனேன். நீங்களும் வேலை கொறைவா இருக்குற நாள்ல செய்ங்க, அவசரத்துல செய்யாதீங்க.

முதல்ல பாக்க வேண்டியது வியூ மெனுல இருக்குற யூசர் இன்டர்ஃபேஸ். அத அழுத்துனா ஸ்டாண்டர்ட் டூல்பார், டேப்டு, சிங்கிள் டூல்பார், சைட்பார்னு பல மாதிரி தோற்றம் காட்டும். ஸ்டாண்டர்டுன்னா மேல மெனு, அதுக்கு கீழ ரெண்டு வரிசை பட்டன், பழைய காலத்து மாதிரி. டேப்டுன்னா இப்ப கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிக் குடுக்குற மாதிரி, தலைப்ப தொட்டா கீழ பட்டனெல்லாம் கூட்டமா வரும், இது 2019ல வந்த 6.2 வெர்ஷன்ல இருந்து முறையா இருக்கு. நான் ஸ்டாண்டர்ட் வச்சிருக்கேன், எங்க கடை பொண்ணு டேப்டு வச்சிருக்கா, ரெண்டு பேருக்கும் ரெண்டு மெஷின்ங்கிறதால சண்டை இல்ல. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க, டேப்டுல நம்ம இஷ்டத்துக்கு பட்டன் சேக்க முடியாது, இருக்குறத மறைக்கலாம் திரும்ப காட்டலாம், அவ்வளவுதான் வழி வச்சிருக்காங்க. அடுக்கி வச்சி வேலை பாக்கணும்னா ஸ்டாண்டர்ட் தான்.

ஸ்டாண்டர்ட்ல ஒவ்வொரு டூல்பாருக்கும் இடது ஓரத்துல புள்ளி புள்ளியா ஒரு பிடி இருக்கும். மவுஸ அங்க கொண்டு போனா அம்புக்குறி நாலு பக்கமும் பாக்குற மாதிரி மாறும், புடிச்சி இழுத்தா டூல்பார் கழண்டு ஒரு சின்ன ஜன்னலா கையோட வரும். நடுவுல விட்டா மெதக்கும், ஓரத்துக்கு கொண்டு போனா ஒட்டிக்கும், இடது பக்கம் ஒட்டுனா செங்குத்தா நிக்கும். எல்லாம் சரியா வந்தப்புறம் டூல்பார் மேல ரைட் கிளிக் பண்ணி லாக் டூல்பார் பொசிஷன்னு குடுத்துடுங்க, அந்த புள்ளி பிடியே காணாம போயிடும், அப்புறம் கை தவறி இழுத்தாலும் நகராது. ஒவ்வொரு டூல்பாருக்கும் தனித்தனியா குடுக்கணும், மறந்துடாதீங்க.

இதுல எனக்கு ரொம்ப தொந்தரவா இருந்தது டேபிள் டூல்பார். சொத்து விவரம் அடிக்கும்போது நான் டேபிள் போட்டுதான் அடிப்பேன், சர்வே நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை எல்லாம் கட்டம் கட்டமா இருந்தா படிக்கிறவங்களுக்கு தப்பு வராது. எங்க பக்கம் இன்னும் மா, குழி கணக்குதான் பேசுவாங்க, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, பட்டால ஹெக்டேர் ஏர்ஸ்ல இருக்கும், அதனால ரெண்டு கணக்குக்கும் ரெண்டு கட்டம். கர்சர் டேபிளுக்குள்ள போனா டேபிள் டூல்பார் தானா கீழ வரும், வெளிய வந்தா தானா போயிடும். அது நல்ல விஷயம்தான், ஆனா அது வரும்போதெல்லாம் எழுதுற இடம் ஒரு வரி அளவுக்கு சுருங்கும், போகும்போது விரியும், 768 பிக்சல் உசரம் இருக்குற பழைய மானிட்டர்ல அது கண்ண உறுத்தும். "வடக்கு வாய்க்காலுக்கு தெற்கு, கிழக்கு வரப்புக்கு மேற்கு" அப்டின்னு நகல பாத்து அடிச்சிட்டு நிமிந்தா பக்கம் நகந்துருக்கும். நான் அந்த டேபிள் டூல்பார புடிச்சி மேல ஃபார்மேட்டிங் டூல்பாரோட வால் பக்கத்துல காலியா இருந்த எடத்துல ஒட்டிட்டேன். அந்த வரிசை எப்பவும் இருக்குற வரிசை, அதனால டேபிள் பட்டன் வந்தாலும் போனாலும் பக்கம் அசையாது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், நாளைக்கு இருபது சொத்து விவரம் அடிச்சி பாருங்க.

அந்த எடத்த காலி பண்ணதே பட்டன கொறைச்சிதான். டூல்பார் மேல ரைட் கிளிக், விசிபிள் பட்டன்ஸ், அதுல டிக் எடுத்தா பட்டன் போயிடும். சார்ட், வீடியோ, படம் வரையிறது எதுவும் பத்திரத்துல வராது, எல்லாத்தையும் எடுத்துட்டேன். அழிஞ்சிடாது, மறைஞ்சி இருக்கும், வேணும்னா திரும்ப டிக் போட்டுக்கலாம்.

அடுத்தது சொந்தமா டூல்பார் செய்யிறது, இந்த சாப்ட்வேர்ல எனக்கு புடிச்சதுலயே பெருசு இதுதான். டூல்ஸ் மெனுல கஸ்டமைஸ், அதுல டூல்பார்ஸ் தலைப்பு, புதுசா ஒண்ணு ஆரம்பிச்சி "பத்திரம்"னு தமிழ்லயே பேர் வச்சேன். இடது பக்கம் கட்டளை எல்லாம் பட்டியலா இருக்கும், வேணுங்கறத அம்புக்குறி அழுத்தி வலது பக்கம் தள்ளணும். நான் போட்டது பேஜ் ஸ்டைல், பக்கம் ஒடைக்கிற மேனுவல் பிரேக், சேத்து வச்ச வாசகத்த கொண்டு வர்ற ஆட்டோடெக்ஸ்ட், ஸ்பெஷல் கேரக்டர், ஃபார்மேட் இல்லாம பேஸ்ட் பண்றது, பிரிண்ட் பிரிவியூ, பிடிஎஃப். ஒவ்வொண்ணுக்கும் பேர மாத்தலாம், ஐகானும் மாத்தலாம், ஐகானுக்கு பதிலா எழுத்து மட்டும் காட்டுன்னும் சொல்லலாம். அதனால என் திரைல "பக்க அமைப்பு", "புதுப் பக்கம்", "அரை கால்" அப்டின்னு தமிழ்லயே பட்டன் வரிசையா நிக்கிது. அரை கால்ங்கிறது ஸ்பெஷல் கேரக்டர், ½ ¼ ரெண்டையும் அதுல ஃபேவரிட்டா வச்சிருக்கேன், அழுத்துனா கீழ தொங்குற கட்டத்துலயே வந்துடும்.

அந்த பேஜ் ஸ்டைல் பட்டன் எதுக்குன்னா, ஸ்டாம்ப் பேப்பர்ல மேல பாதி முத்திரை அச்சு இருக்கும், அதுக்கு கீழதான் எழுத்து ஆரம்பிக்கணும், ரெண்டாவது பக்கத்துல இருந்து சாதா மார்ஜின். ஃபர்ஸ்ட் பேஜ்னு ஒரு ஸ்டைல் இருக்கு, அதுக்கு மேல் மார்ஜின் பெருசா குடுத்து, அடுத்த பக்கம் டிஃபால்ட் ஸ்டைல்னு சொல்லிட்டா தானா மாறிக்கும். முன்னாடிலாம் என்டர தட்டி தட்டி கீழ எறக்கிக்கிட்டு இருந்தேன், ஒரு பேர்ல ரெண்டு எழுத்து கூடுனா எல்லாம் சரிஞ்சிடும்.

கஸ்டமைஸ் ஜன்னல்ல மேல ஸ்கோப்னு ஒரு பெட்டி இருக்கு, நெறைய பேரு கவனிக்க மாட்டாங்க. அதுல ரைட்டர் முழுக்கன்னும் குடுக்கலாம், இப்ப தொறந்துருக்குற ஃபைலுக்கு மட்டும்னும் குடுக்கலாம். ஃபைலுக்கு மட்டும்னு குடுத்தா அந்த டூல்பார் அந்த ஃபைலுக்குள்ளயே சேவ் ஆயிடும். நான் கிரையத்துக்கு ஒரு மாஸ்டர், மனுவுக்கு ஒரு மாஸ்டர்னு வச்சி, காப்பி எடுத்து பேர் மாத்திதான் வேலை ஆரம்பிப்பேன், மனு ஃபைல தொறந்தா மனுவுக்கான பட்டன் மட்டும்தான் வரும். இதுக்கு ரைட்டரோட சொந்த ஃபார்மேட்டான ஓடிடி-லயே (.odt) சேவ் பண்ணணும்.

சைட்பார் பத்தி சொல்றேன். வலது பக்கம் ஒட்டி நிக்குற பேனல், கண்ட்ரோல் எஃப்5 அடிச்சா வரும் போகும். ப்ராப்பர்ட்டீஸ், பேஜ், ஸ்டைல்ஸ், கேலரி, நேவிகேட்டர்னு உள்ள அடுக்கடுக்கா இருக்கும். லீகல் தாள முழு அகலத்துல பாக்கணும்னா இது எடத்த சாப்புடும், அதனால நான் பெரும்பாலும் மூடியேதான் வச்சிருப்பேன். வேணும்னா கழட்டி மெதக்க விடலாம், இடது பக்கமும் ஒட்டலாம். ப்ராப்பர்ட்டீஸ்ல இருக்குறது முக்கால்வாசி மேல டூல்பார்லயும் இருக்கு, ரெண்டு எடத்துல எதுக்கு.

ஆனா ஃபைல்ல இருக்குற தலைப்பெல்லாம் பட்டியலா காட்டுற நேவிகேட்டர் மட்டும் தங்கம். எஃப்5. போன தடவ ஒரு பாகப்பிரிவினை வந்துச்சு, நாலு அண்ணன் தம்பி, ஆளுக்கு ஒரு ஷெட்யூல், அதாவது அவங்க பங்கு சொத்து விவரம், ஏ பி சி டி. ஒவ்வொரு ஷெட்யூல் தலைப்பையும் நான் ஹெடிங் ஸ்டைல்ல வச்சிருந்தேன், அதனால நேவிகேட்டர்ல நாலும் வரிசையா தெரியும், தொட்டா அங்க போயிடும். எல்லாம் அடிச்சி பிரிண்ட் எடுக்க போற நேரத்துல பெரியவர் "அம்மா, போர் இருக்குற பக்கத்து நெலத்த நான் எடுத்துக்குறேன், எனக்கு வச்சிருந்தத மூணாவது தம்பிக்கு மாத்திடு" அப்டின்னாரு, தம்பியும் சரிண்ணேன்னுட்டாரு. ஏ ஷெட்யூலும் சி ஷெட்யூலும் எடம் மாறணும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம் சொத்து விவரம், டேபிளோட. நேவிகேட்டர்ல சி தலைப்ப புடிச்சி மேல இழுத்து விட்டேன், அதுக்கு கீழ இருந்த டேபிள், எல்லை விவரம் எல்லாம் கூடவே ஏறிடுச்சு, ஏ-வ கீழ எறக்குனேன், எழுத்தையும் பேரையும் மட்டும் கையால மாத்துனேன். அப்புறம் ஒரு தடவ முழுசா வாய்விட்டு படிச்சி காட்டினேன், அது எந்த சாப்ட்வேர் இருந்தாலும் செய்யணும், பத்திரத்துல ஒரு எல்லை தப்புனா திருத்தல் பத்திரம் போட அலையணும்.

எங்க இருக்குன்னு தெரியாத கட்டளைக்கு ஷிப்ட் எஸ்கேப் அடிங்க. 2021ல வந்த 7.2ல இருந்து இருக்கு, பேர அடிச்சா மெனு முழுக்க தேடி எடுத்து குடுக்கும். மெனுவ தமிழ்லயும் வச்சிக்கலாம், நான் இங்கிலீஷ்லயே விட்டுட்டேன், யாராவது போன்ல வழி சொல்லும்போது அவங்க சொல்ற பேர் இங்க இருக்கணும்ல.

எல்லாம் கலைஞ்சி போச்சுன்னா பயப்படாதீங்க. ஒரு டூல்பார் மட்டும் காணும்னா வியூ மெனுல டூல்பார்ஸ்குள்ள போயி டிக் போட்டா போதும். மொத்தமா கொழம்பிட்டா ஹெல்ப் மெனுல சேஃப் மோட்ல ரீஸ்டார்ட்னு இருக்கு, அதுல ஃபேக்டரி செட்டிங்ஸ் பகுதில ரெண்டு டிக் இருக்கும். செட்டிங்கையும் தோற்றத்தையும் மட்டும் மாத்துறத குடுங்க, யூசர் ப்ரொஃபைல் முழுக்கன்னு இருக்குறத அவசரப்பட்டு தொடாதீங்க, ஆட்டோடெக்ஸ்ட்ல சேத்து வச்ச வாசகம், அகராதில சேத்த வார்த்தை எல்லாம் அதோட போயிடும். அதே ஜன்னல்ல அட்வான்ஸ்டுல ப்ரொஃபைல ஆர்க்கைவ் பண்ற வசதி இருக்கு, அடுக்கி முடிச்ச அன்னிக்கே ஒரு காப்பி எடுத்து பென் டிரைவ்ல போட்டு வைங்க. நான் வச்சிருக்கேன்.

கொறைன்னு சொன்னா, இந்த அடுக்க ஒரு பேர் குடுத்து சேவ் பண்ணி, மெனுல இருந்து ஒரு தட்டுல மாத்திக்கிற வசதி இல்ல. டிசைன் சாப்ட்வேர்ல அது உண்டு, காலைல பத்திர அடுக்கு, சாயங்காலம் மனு அடுக்குன்னு மாத்தலாம். நான் மாஸ்டர் ஃபைல வச்சி சமாளிக்கிறது டூல்பாருக்கு மட்டும்தான் உதவும், சைட்பாருக்கு உதவாது. கஸ்டமைஸ் ஜன்னல்ல கட்டளை பட்டியல் ரொம்ப நீளம், பேர் தெரியாம தேடுனா கண்ணு வலிக்கும். வெளில இருந்து வர்ற டாக்ஸ் (.docx) ஃபைல தொறந்தா சில சமயம் கட்டம் நகரும், அத பிடிஎஃப்பா கேட்டு வாங்கி சரிபாத்துக்கறது நல்லது.

விலை ஒண்ணும் கெடையாது, விருப்பப்பட்டா நன்கொடை குடுக்கலாம், நான் ஆவணி முதல் முகூர்த்தம் முடிஞ்சதும் கொஞ்சம் அனுப்பினேன். என் கணக்குல 5க்கு 4. அந்த ஒண்ணு, அடுக்குக்கு பேர் வச்சி சேவ் பண்ற வசதி வர்ற அன்னிக்கு குடுக்குறேன்.