ராஸ்பெரி பை 4: கொலுசுக் கடை ஆபீஸ் வெப்சைட்டுக்குத் தாங்குமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் கொலுசுக் கடை என்று வைத்துக்கொள்வோம். அன்றைய வெள்ளி விலை, டிசைன் போட்டோ, எந்த ஆர்டர் எந்தப் பட்டறையில் நிற்கிறது என்ற பட்டியல், எல்லாம் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் திறக்கும் ஒரு வெப்சைட்டில் இருந்தால் போதும். இதற்குப் பெரிய சர்வர் வேண்டாம். உள்ளங்கை அளவுள்ள சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 4, 4 ஜிபி ரேமோடு இருந்தால் தாராளமாகத் தாங்கும். சத்தம் கிடையாது, கரண்ட் செலவும் ஒரு சின்ன எல்இடி பல்பு அளவுதான்.

ஆனால் கூடவே வாங்கும் சாமான்களில் கஞ்சத்தனம் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். செல்போன் சார்ஜர் ஆகாது, 5.1 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டரே வேண்டும். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி வரும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஃபைல் கெடும். மெமரி கார்டில் சிஸ்டத்தை ஓட்டுவதும் வேண்டாம். ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு தேயும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. நீல நிற யூஎஸ்பி போர்ட்டில் ஒரு எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். பை 4-ல் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் வந்தும் நெட் வராத காலையில் ஆர்டர் பதிவுகளில் பழைய நேரம் விழும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பை 5-ல் கடிகாரம் போர்டிலேயே உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

பக்கங்களை அனுப்பும் வெப்சர்வரான என்ஜின்எக்ஸ், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி இரண்டையும் ஏற்றுவது கால்மணி நேர வேலை. பிறகு ரவுட்டரில் பையின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) 192.168.1.10 போல ஒரு ஐபியை, அதாவது நெட்வொர்க் எண்ணை, ஒதுக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் பைக்குள்ளே மட்டும் ஐபியை நிலையாக எழுதினால், ரவுட்டர் அதே எண்ணை யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும். அன்றைக்கு சைட் வரும், போகும்.

சைட்டுக்குப் பெயர் வைப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். உள் நெட்வொர்க்குக்கென்றே 'இன்டர்னல்' (.internal) என்ற பெயர் முடிவை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024-ல் ஒதுக்கிவிட்டது, அதையே வையுங்கள். 'லோக்கல்' (.local) என்று முடித்தால் பழைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்காது. பெயரை ஐபியாக மாற்றிச் சொல்ல பையிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளைப் போடலாம், ஆனால் பை படுத்தால் ஆபீஸ் முழுக்க 'நெட் இல்லை' என்பார்கள். அதற்குப் பயந்து ரவுட்டரில் கூகுளின் 8.8.8.8-ஐ இரண்டாவது டிஎன்எஸ்ஸாக (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வராக) கொடுத்தால், சில கம்ப்யூட்டர்கள் அங்கே போய்க் கேட்டு 'அப்படி ஒரு சைட் இல்லை' என்று திரும்பி வரும். ஐந்தாறு கம்ப்யூட்டர்தான் என்றால் ஒவ்வொன்றிலும் பெயருக்கு நேரே ஐபியை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி எழுதிவிடுவதே நிம்மதி. போனுக்கு அந்த வழி இல்லை. ஐபியையே புக்மார்க் செய்து கொடுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனுக்கு சைட் பெரும்பாலும் வராது. அது பழுதல்ல, தடுப்பதுதான் கெஸ்ட் வைஃபையின் வேலை.

அடுத்தது போட்டோ. கொலுசின் திருகாணியும் சலங்கையும் தெளிவாகத் தெரிய எடுத்த படம் 4 எம்பி வரும். ஏற்றினால் 413 (ஃபைல் பெரிது) என்று முகத்திலடிக்கும், ஏனென்றால் என்ஜின்எக்ஸ் சும்மா விட்டால் 1 எம்பிக்கு மேல் வாங்காது. அந்த வரம்பை 20 எம்பி ஆக்கினாலும் பிஎச்பி தன் பங்குக்கு 2 எம்பியில் நிறுத்தும். இரண்டு இடத்திலும் மாற்றி, இரண்டையும் ரீலோட் செய்யுங்கள். 403 வந்தால் அனுமதிக் கோளாறு: அனுமதி எண் ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்று இருக்க வேண்டும். பையில் ஓடும் லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் தெரிந்த படம் இங்கே காணாமல் போனால் முதலில் ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தை (jpg-யா, JPG-யா) பாருங்கள். தமிழ் எழுத்து பூச்சி பூச்சியாகத் தெரிந்தால் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியீட்டு முறையைச் சொல்லும் யூடிஎஃப்-8 அறிவிப்பு விட்டுப்போயிருக்கும்.

ஏற்காட்டு காபி எஸ்டேட்களுக்கும் இதே பை போதும், கேபிளில் மட்டும் கவனம். ஆபீஸிலிருந்து குடோனுக்கு வெளியே இழுத்த செம்புக் கேபிள் வழியாக இடி மின்னல் ரவுட்டரையும் பையையும் சேர்த்தே காலி பண்ணும். கட்டடம் விட்டுக் கட்டடம் போக உலோகக் கம்பி இல்லாத ஃபைபரும், ஒளியையும் மின்சிக்னலையும் மாற்றித் தரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். 100 மீட்டருக்கு மேல் என்றால் செம்பு எப்படியும் உதவாது.