தேக்கு ஊஞ்சலைப் 'புதுசாக்கி' விட்டுப் போனவர்கள்: இரண்டு மாதத்தில் உரிந்த பாலிஷ்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்ககத்தின் விளையாட்டுத் திடல். தேக்கில் ஊஞ்சல் சட்டம், ஏணி வைத்த சறுக்குமரம், நான்கு பெஞ்சு. "மரமெல்லாம் செத்துப்போச்சு சார், ரெண்டே நாள்ல புதுசாக்கித் தர்றோம்" என்று வந்த குழு என்ன செய்துவிட்டுப் போனது என்பதைப் பிரித்து எழுதுகிறோம். அதே பேச்சோடு உங்கள் குடியிருப்புக்கும் யாராவது வரலாம்.

'செத்துப்போச்சு' என்பதே பொய். வெயிலில் நிற்கும் தேக்கு சாம்பல் நிறமாவது இயல்பு. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலில் நாரை ஒட்டவைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். லேசாகத் தேய்த்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு அப்படியே இருக்கும். அந்தச் சாம்பலைக் காட்டிப் பயமுறுத்தித்தான் வேலை பிடிக்கிறார்கள்.

முதல் நாள் கார் கழுவும் பிரஷர் கன்னைக் கொண்டுவந்து, ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தார்கள். இந்த மெஷின்கள் 100 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல், அழுத்தம் தருபவை. மரத்தின் ரேகையில் மென்மையான பட்டை ஒன்று, கெட்டியான பட்டை ஒன்று என்று மாறி மாறி வரும். தண்ணீர் மென்மையானதை மட்டும் அரித்தெடுக்க, கெட்டியானது வரப்பு மாதிரி எழுந்து நிற்கும். காய்ந்ததும் அங்கிருந்து சிராய் கிளம்பும். பிள்ளைகள் தொடை தேய உட்காரும் பலகையில் இது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

பாசி போகவில்லை என்று அதன்மேல் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார்கள். மரம் வெளுத்தது, எல்லாரும் கைதட்டாத குறை. ஆனால் குளோரின் ப்ளீச் லிக்னினைத்தான் தின்னும். வெளுப்பாகத் தெரிந்தது பிய்ந்து பஞ்சான நார். ஸ்க்ரூக்களின் துத்தநாகப் பூச்சையும் அது அரித்துவிடும். பிறகு ஸ்க்ரூவின் இரும்பு, மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் கறுப்பு வளையம் போடும். ப்ளீச் பட்ட இடத்தில் கறை போக்க யாராவது ஆசிட் கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும்.

இதையெல்லாம்விட மோசம், மறுநாள் காலையிலேயே வார்னிஷ் அடித்தது. அக்டோபர் நடுவாக்கில், வானம் மூடியிருக்க, தண்ணீர் குடித்த மரத்தின்மேல் பளபளக்கும் பாலியூரித்தேன் பூச்சு. உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வரப் பார்க்கும்போது பூச்சு கொப்பளிக்கும், வெள்ளை பூத்த மாதிரி மங்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட மரம் ஊதிச் சுருங்கும், பூச்சு கூடவே போகாமல் வெடிக்கும். வெடிப்பு வழியே இறங்கும் மழைநீருக்கு வெளியே வர வழியில்லை. டிசம்பரில் பூச்சு ஏடு ஏடாக உரிந்தது. ஈரமானி ஊசியைக் குத்திப் பார்த்து, மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே எதையும் பூச வேண்டும். நல்ல வெயிலில் அதற்கே இரண்டு மூன்று நாள் ஆகும். 'ரெண்டே நாள்ல' என்று ஒருவர் சொன்னாலே கணக்கு உதைக்கிறது.

பெஞ்சுகளுக்கு லேபிள் இல்லாத டப்பாவில் 'தேக்கு எண்ணெய்' பூசினார்கள். தேக்கிலிருந்து பிழிந்த எண்ணெய் என்று ஒன்று கடையில் கிடையாது. அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஆளி எண்ணெய் அல்லது டங் எண்ணெயோடு கரைப்பானும் ரெசினும் கலந்ததுதான். அதில் தவறில்லை, லேபிள் மட்டும் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத டப்பாவில் ஒர்க் ஷாப் கழிவு ஆயிலும் இருக்கலாம். வேலிக்காலுக்கு அதைப் பூசும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளைகள் கைபடும் மரத்தில் அதற்கு இடமே இல்லை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் அதில் இருக்கின்றன.

உண்மையான மோசடி ஊஞ்சல் காலில் இருந்தது. தரையோடு ஒட்டிய இடத்தில் கால் உளுத்திருக்கிறது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பழுப்பு அடித்து மூடியிருந்தார்கள். உரிந்த பூச்சைச் சுரண்டியபோதுதான் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் இரண்டு அங்குலம் வெண்ணெயில் போவது போல இறங்கியது. நல்ல தேக்கில் நுனிகூடப் பதியாது. சுத்தியலால் தட்டினாலும் நல்ல கால் 'ணங்' என்னும், உளுத்தது 'பொத்' என்னும். வேலை முடிந்ததும் பணம் எண்ணும் முன் இந்த இரண்டையும் ஒவ்வொரு காலிலும் செய்து பாருங்கள்.

சரியான வேலைக்குப் பெரிய மெஷினே வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், நைலான் பிரஷ், ரேகை போகும் திசையிலேயே தேய்ப்பு, தோட்டத்துக் குழாயால் அலசல். கறுப்புப் பூஞ்சைக்கு சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் பொடி), லிட்டருக்கு 60 கிராம், கால் மணி நேரம் ஈரமாகவே வைத்து அலசலாம். இரும்புக் கறைக்கு, குளோரின் ப்ளீச் படாத மரத்தில் மட்டும், ஆக்ஸாலிக் ஆசிட், வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். இது விஷம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அண்டவிடாமல் செய்து, நன்றாக அலசிவிடுங்கள்.

காய்ந்த பின் 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120. பழைய பெயின்ட் இருந்தால் உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூளில் ஈயம் அதிகம் இருக்கலாம். லேபிள் உள்ள தேக்கு எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும், துடைக்காவிட்டால் பிசுபிசுக்கும். வெட்டுமுனைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே இரண்டு மூன்று தடவை கொடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். இதற்கு மாசி, பங்குனி வெயில்தான் தோது.

பில் கேட்டபோது அந்தக் குழு "ஜிஎஸ்டி போட்டா கூட ஆகும்" என்றது, அத்தோடு விட்டதுதான் பிசகு. பில், பூசிய பொருளின் டப்பா படம், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கையில் இருந்தால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் போகலாம். ஊஞ்சலைச் சங்கிலியோடு கழற்றி வைத்தாயிற்று. உளுத்த பகுதியை அறுத்தெடுத்து, மரம் தரையைத் தொடாதபடி தாங்கும் இரும்புப் பிடிப்பில் புது மரம் பொருத்தும் வரை அது ஸ்டோர் ரூமில்தான் கிடக்கும்.