உதட்டு ஃபில்லர்: ஆறு மாதக் கணக்கும் அதன் பிறகு நடப்பதும்

உதட்டில் ஃபில்லர், அதாவது உதட்டை நிரப்பிக் காட்டும் ஜெல் ஊசி, போட்டால் எவ்வளவு நாள் நிற்கும் என்று தோழி கேட்டாள். அவள் ஊசிக்கு நாள் குறித்துவிட்டாள். நான் சில வருடங்களாகப் போட்டு வந்து, சமீபத்தில் அதில் ஒரு பகுதியைக் கரைத்தும் எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் அடங்காத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஹயலுரோனிக் அமில ஜெல் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். உதட்டுக்கு சிலிக்கோன் ஊசி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கே கேட்டாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் என்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். நம் தோலில் இயற்கையாகவே இருக்கும் ஹயலுரோனிக் அமிலம் ஓரிரு நாளில் சிதைந்து, புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதை அப்படியே ஊசியில் ஏற்றினால் வாரக்கணக்கில்கூட நிற்காது. அதனால்தான் அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பிணைப்பு எவ்வளவு, ஜெல் எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறும். உதட்டுக்கென்று வரும் ரெஸ்டிலேன் கிஸ், ஜுவிடெர்ம் வால்பெல்லா மாதிரியானவை மென்மையான ரகம். உதடு சும்மா இருக்கிற இடமும் இல்லை. பேச்சு, சாப்பாடு, சிரிப்பு என்று நாள் முழுக்க அசைவதால் கன்னத்தில் போட்டதைவிட இங்கே சீக்கிரம் குறைகிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்த ஆறு மாதக் கணக்கு சொல்வது எதை? வடிவம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் காலத்தை. உள்ளே இருப்பது முழுக்கத் தீர்ந்துபோகும் காலத்தை அல்ல. முகத்தின் நடுப்பகுதியில் ஃபில்லர் போட்டுக்கொண்டவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, கரைந்திருக்க வேண்டிய ஜெல் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது தெரியவந்திருக்கிறது. 'தெரியவில்லை' வேறு, 'இல்லை' வேறு. இந்த வித்தியாசத்தை ஊசி போடும் இடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் கோபம் முழுக்க இங்கேதான்.

முதல் தடவை போட்டது அரை மில்லி. அழகாக இருந்தது. எனக்குக் குறைய ஆரம்பித்தது கீழுதட்டின் நடுவிலிருந்து. விளிம்பு அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து க்ளினிக்கிலிருந்து செய்தி வரும்: "மேடம், உங்கள் டச்-அப் நேரம் வந்துவிட்டது." உதட்டைப் பார்த்து வருகிற செய்தி இல்லை அது. காலண்டரைப் பார்த்து வருவது. நேரில் போனால் நடுவில் கொஞ்சம் நிரப்பினால் போதும் என்பார்கள். சிரிஞ்சைத் திறந்த பிறகு மீதியை வீணாக்க வேண்டாமே என்று விளிம்பிலும் ஓட்டிவிடுவார்கள். பழையது பாதி இருக்க, அதன் மேல் புதியது. இப்படியே தொடர்ந்ததில் ஜெல் தனக்கு இடம் தேடிக்கொண்டது.

மேலுதட்டின் கோட்டுக்கு மேலே, பூனைமுடி இருக்கும் இடத்தில், ஒரு மெல்லிய மேடு. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உதட்டுக்கு மேல் ஒரு நிழல் விழும். விரலால் தடவினால் வழவழவென்று ஒரு வரப்பு தட்டுப்படும். வலி கிடையாது. ஆனால் லிப் லைனர் அந்த வரப்பில் ஏறி இறங்கும். எவ்வளவு நிதானமாக வரைந்தாலும் கோடு மங்கலாகத்தான் இருக்கும். போட்டோவில் பக்கவாட்டு முகம் வாத்து அலகு மாதிரி முன்னால் வரும். "வீக்கம்தான், சரியாகிவிடும்" என்றார்கள். ஊசி போட்ட வீக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மாதக்கணக்கில் நிற்பதை வீக்கம் என்று சொல்வது நியாயமே இல்லை.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். ஃபில்லரை நீண்ட நாள் நிற்கவைக்கும் என்று விற்கிற லிப் மாஸ்க், சீரம் எதையும் நம்பி வாங்காதீர்கள். ஜெல் இருப்பது தோலுக்கு அடியில், பூசுவது மேலே. தண்ணீர் குடித்தால் அதிக நாள் நிற்கும் என்பதும் அப்படித்தான். குடியுங்கள், உதடு காயாமல் இருக்கும், அவ்வளவே. பலன் தருவது ஊசி போட்ட முதல் சில நாள் கவனம்தான். அழுத்தித் தேய்க்கக் கூடாது. மருத்துவரே சொன்னால் தவிர மசாஜ் வேண்டாம். கடுமையான உடற்பயிற்சி, நீராவிக் குளியல், மது எல்லாவற்றையும் முதல் ஓரிரு நாள் தள்ளிவைப்பது நல்லது. இவை வீக்கத்தையும் கன்றலையும் கூட்டும். பல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். உதட்டோரத்தில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர் என்றால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், வைரஸ் தடுப்பு மாத்திரை தருவார்கள். ஊசிக் குத்து அந்தக் கொப்புளத்தைக் கிளப்பிவிடக்கூடும். அப்புறம் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) உள்ள லிப் பாம். அது ஜெல்லுக்காக இல்லை, உதட்டுத் தோலுக்காக.

உண்மையான பராமரிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது காத்திருப்பதுதான். வடிவம் குறைந்தால் குறையட்டும். பழையது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மருத்துவர் விரலால் தொட்டுப் பார்க்காமல் அடுத்த சிரிஞ்சைத் திறக்க விடாதீர்கள்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றை மறைக்க முடியாது. பெரிய உதடு வேண்டும் என்று நான் போகவில்லை. மேலுதட்டில் செங்குத்தாக விழுந்த சுருக்கக் கோடுகளுக்காகத்தான் போனேன். அவை முதல் தடவையே நிரம்பிவிட்டன. அதைவிடப் பெரிய சந்தோஷம், நான் எதிர்பார்க்கவே இல்லை: உதடு வெடிப்பது நின்றுபோனது. பேசிக்கொண்டே தோலைப் பிய்த்து ரத்தம் வரவழைக்கும் என் பழக்கமும் தானாகவே போனது, பிய்க்க எதுவும் இல்லாததால். ஹயலுரோனிக் அமிலம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள், அதனாலாக இருக்கலாம். லிப்ஸ்டிக் கோடுகளுக்குள் கசியாமல் பூசிய இடத்தில் நின்றது. அந்த அரை மில்லி காலத்தில் என் முகம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வரப்பைக் கரைக்க வேறொரு மருத்துவரிடம் போனேன். ஹயலுரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போடுவார்கள். ஃபில்லர் ஊசியில் லிடோகைன் என்ற மரப்பு மருந்து கலந்து வருவதால் போகப் போக மரத்துவிடும். இதில் எரிந்தது, நன்றாகவே எரிந்தது. ஒவ்வாமை உண்டா, குளவி தேனீ கொட்டி மோசமாகியிருக்கிறதா என்று முதலில் கேட்டு, கையில் சிறிதளவு போட்டுப் பார்த்த பிறகுதான் உதட்டைத் தொட்டார். அன்று மாலை உதடு வீங்கி, மறுநாள் வற்றியபோது வரப்பு இல்லை. மாதக்கணக்கில் 'சரியாகிவிடும்' என்று சொல்லப்பட்டது ஒரே நாளில் சரியானது.

நீங்கள் ஊசிக்குப் போகும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: ஹயலுரோனிடேஸ் கைவசம் இருக்கிறதா? ஜெல் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் உதடு வெளிறும், அல்லது திட்டுத் திட்டாக நீலம் பாயும், தாங்க முடியாமல் வலிக்கலாம். வலியே இல்லாமலும் போகலாம். நிறம் மாறினால் காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும். தாமதித்தால் தோல் அழுகும். அந்த நொதியை வைத்திருக்காத இடத்தில் உதட்டைக் கொடுக்காதீர்கள். ஊசியே இல்லாமல் அழுத்தத்தில் பீய்ச்சும் பேனாக்கள் பக்கமே போக வேண்டாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021-இலேயே அவற்றுக்கு எதிராக எச்சரித்துவிட்டது.

மொத்தத்தில் பொருள் நல்ல பொருள். குறைந்த அளவில், நிதானம் தெரிந்த கையில் போட்டால் கொடுத்த பணத்துக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கரைத்த மருத்துவர், மறுபடி போடுவதென்றால் இரண்டு வாரம் கழித்து வரலாம் என்றார். அந்த இரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. உதடு மறுபடி வெடிக்கிறது, கோடுகளும் தெரிகின்றன. ஆனாலும் போகத் தோன்றவில்லை. இன்னொருவர் காலண்டரைப் பார்த்து என் உதட்டுக்குக் கெடு சொல்வதை இனியும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.